சைகை இல்லாமல் விழுந்த கைதட்டல்

என் மருமகன் ஒரு சவுண்ட் கம்பெனியில் மிக்சர் பார்க்கிறவர். நான் செய்த வேலையைத்தான் அவரும் செய்கிறார். நான் மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன், அவர் ஏசி அரங்கத்தில் உட்கார்ந்து பொத்தான் நகர்த்துகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். போன மாதம் வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சியில் ஒரு பாட்டு விருது விழாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சொல்வதே அதிகம். என் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், பேரப்பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள், மருமகன் கொட்டாவி விட்டார்.

"ஏன் மாமா, இம்புட்டு லைட்டு, இம்புட்டுப் பெரிய பாடகருக. ஒரு சடங்கு வீட்டுக் கச்சேரில இருக்கிற உசுரு இதுல இல்லையே, ஏன்?" என்றார்.

"மூணாவது வரிசைல சிரிக்குதே ஒரு அம்மா, அதைப் பாருங்க மாப்ள. மேடையில இப்ப யாரும் சிரிக்கிற மாதிரி ஒண்ணும் சொல்லலையே. அப்புறம் அது எதுக்குச் சிரிக்குது?"

அவர் நிகழ்ச்சியைப் பின்னால் ஓட்டிப் பார்த்தார். கொஞ்சம் முன்பு அந்த அம்மாவின் பக்கத்து நாற்காலியில் நீலச்சட்டை போட்ட ஒருவர் இருந்தார். சிரிக்கும்போது அந்த நாற்காலி காலி. மறுபடி அம்மா சும்மா இருக்கும்போது நீலச்சட்டை திரும்ப வந்துவிட்டார். மருமகன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதையும் இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது.

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். கோயில் மணி அடித்தாலும் அடித்தது யார் என்று எழுந்து போய்ப் பார்க்கிற ஆள் என்று என் மனைவி சொல்வாள். விருது விழாக்களை நான் ரூபாய் நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிற கடைக்காரன் மாதிரிதான் பார்க்கிறேன். அது பிறவிக் குணம் இல்லை. மருமகன் கேட்டதற்கு அன்று பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மதுரை சிம்மக்கல்லில் காதர் பாய் என்பவருடைய மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் ஒயர் சுற்றினேன், பேட்டரி தூக்கினேன், புளியமரம் வேப்பமரம் எல்லாவற்றிலும் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன், இரண்டு தடவை கரண்ட் அடித்துக் கீழே விழுந்தேன். தொழில் படித்த கதை இவ்வளவுதான். பாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

பாய் மைக்கைச் சோதிக்கிற விதமே தனி. மற்றவர்கள் மைக்கைத் தட்டி ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவார்கள். பாய் என்னை மேடையில் பேசவிட்டு, நேராகக் கூட்டத்தின் கடைசி வரிசை வருகிற இடத்துக்குப் போய், மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். மேடையைப் பார்த்தால் வாய் அசைவதைப் பார்த்துவிட்டுக் கேட்டதாக நினைத்துக்கொள்வோம் என்பது அவர் எண்ணம். காதுக்கு மட்டும் வந்து சேர்ந்தால்தான் கையைத் தூக்குவார். கச்சேரி நடக்கும்போதும் அப்படியேதான் உட்கார்ந்திருப்பார். ஊர்க்காரர்கள் அவரைக் கிறுக்கர் என்று நினைத்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

அந்தக் காலத்தில் மதுரைக்குக் கிழக்கே பல ஊர்த் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுக்களுக்குள் போட்டி வைப்பார்கள். பொட்டலின் இந்தக் கோடியில் ஒரு மேடை, அந்தக் கோடியில் ஒரு மேடை. ஒரு குழு ஒரு பாட்டுப் பாடினால் அடுத்த குழு பதில் பாட்டுப் பாடும். ஜனம் நடுவில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும். பாட்டுப் பிடித்துப்போனால் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நகர்வார்கள். கைக்குழந்தைகளோடு, மூட்டை முடிச்சோடு நகர்வார்கள். கடைசிப் பாட்டு முடியும்போது எந்த மேடைக்கு முன்னால் சாக்கு அதிகமோ அந்தக் குழுவுக்குக் குத்துவிளக்கு. நடுவர் கிடையாது. மைக்கில் பெயர் சொன்னால் சொன்னதுதான். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

இரண்டு மேடைக்கும் மைக் செட் எங்களுடையது. அதனால் பாய் ஒரு முறை வைத்திருந்தார். பாதிப் போட்டியில் நிறுத்தி, இந்த மேடைக் குழாய்களை அந்த மேடைக்கும் அந்த மேடைக் குழாய்களை இந்த மேடைக்கும் மாற்றச் சொல்வார். ஏறி இறங்கி எங்கள் முழங்கால் தேயும். "எதுக்கு பாய், ரெண்டும் ஒரே குழாய்தானே?" என்று நான் ஒருமுறை சலித்துக்கொண்டேன். "உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தோத்தவனுக்குத் தெரியாதுல்ல? அவன் வீட்டுக்குப் போய் என் குழாயை நெனச்சுக்கிட்டே படுக்கக் கூடாதுப்பா" என்றார். தோற்றவன் மனத்தில் சந்தேகம் தங்கக் கூடாது என்பதற்காக ஒரு மனிதர் அவ்வளவு மெனக்கெட்டதை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை.

இந்தப் போட்டிகளில்தான் வசந்தாவைத் தெரியும். திருவாதவூரில் வாழ்க்கைப்பட்டவள். சின்ன உருவம், பெரிய குரல். அவள் பாட ஆரம்பித்தால் நான் ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். அவள் புருஷன் முத்தையா விவசாயி, அதிகம் பேசாதவர். பெண்டாட்டி மேடையேறுவதை அவர் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அவருக்கும் பிடிக்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கச்சேரிக்கு அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. வசந்தாவின் அண்ணன்தான் சைக்கிளில் கூட்டி வந்து கூட்டிப் போவார்.

எண்பதுகளின் நடுவில் மதுரை வீடுகளின் மேல் ஆன்டெனாக் கம்பிகள் எழும்பத் தொடங்கியிருந்தன. அப்போது ஒரு கலை மன்றத்தார், மாவட்டத்தின் சிறந்த மெல்லிசைப் பாடகிக்கு விருது கொடுப்பதாகவும், சென்னையிலிருந்து ஆட்கள் வந்து விழாவைப் படம்பிடித்துத் தொலைக்காட்சிக்குக் கொடுக்கப் போவதாகவும் அறிவித்தார்கள். கடைசிச் சுற்றுக்கு மூன்று பேர். அதில் ஒருத்தி வசந்தா. செய்தி வந்த நாளில் கடைக்கு வந்து சொன்னாள்.

"அவுக ஒரே வார்த்தை சொல்லிட்டாகண்ணே. பரிசு வந்தா பாடு, நான் எங்க வீட்ல பேசிக்கிறேன். வரலைன்னா இதோட நிறுத்திரு, வீட்டோட இருன்னுட்டாக."

"விழாவுக்காச்சும் வாராரா?"

"வாரேன்னு சொல்லிருக்காக. அதுவே பெருசுண்ணே."

அவளுக்கு அந்த விருது பெருமைக்காக இல்லை. இனிமேல் பாடலாமா கூடாதா என்பதே அதில் இருந்தது.

அரங்கம் வைகைக்கு வடக்கே. எங்களுக்கு அரங்கத்துக்குள் ஒலி கொடுக்கிற வேலை. காலையில் போனதுமே எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. மேடையில் வைக்கிற மைக்குக்கு ஒயர் வேண்டாம் என்று சென்னைக்காரர்கள் சொன்னார்கள். பாடகிகளின் பாட்டை முந்தின நாளே பதிவு செய்தாகிவிட்டதாம். மேடையில் டேப் ஓடும், இவர்கள் வாய் அசைத்தால் போதுமாம். ஒயர் கேமராவில் அசிங்கமாகத் தெரியும் என்று என் ஆம்ப்ளிஃபயர் மேஜையையும் கடைசி வரிசைக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாகச் செத்த மைக் ஒன்றை மேடையில் நட்டு வைத்தேன்.

தயாரிப்பாளர் கண்ணாடி போட்ட மென்மையான மனிதர். யாரையும் அதட்டவில்லை. எதற்கெடுத்தாலும் "ரொம்ப நன்றி" என்பார், ஆனால் நன்றி சொல்லும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். அவருடைய உதவியாளர் கையில் வெள்ளைத் துண்டோடு மேடை ஓரத்தில் நின்றார். அரங்கத்தை நிரப்பக் கூட்டி வந்திருந்த மாணவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் பயிற்சி நடந்தது. துண்டைப் பாதி தூக்கினால் சின்னக் கைதட்டல், முழுதாகத் தூக்கினால் பெரிய கைதட்டல், இறக்கினால் நிறுத்த வேண்டும். பிறகு சிரிக்கச் சொன்னார்கள். பிறகு வாயைப் பிளந்து ஆச்சரியப்படச் சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒரு பெரிய டேப்பில் பதிவு செய்தார்கள், கேமராவும் முகம் முகமாக எடுத்துக்கொண்டே போனது. பாய் கடைசிக்கு முந்தின வரிசையில் வழக்கம்போல மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "என்னப்பா இது, கலியாணத்துக்கு முன்னாலயே தாலி கட்டுன போட்டோவை எடுத்து வச்சுக்கிறாங்க" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது மத்தியானம் அப்படியே நடந்தது. மூன்று பாடகிகளும் ஜெயிப்பதைப் போல ஒருமுறையும் தோற்பதைப் போல ஒருமுறையும் படம் எடுக்க வேண்டுமாம். பெயர் அறிவிக்கப்படும், எழுந்து திகைக்க வேண்டும், படியேறிக் கேடயத்தை வாங்கி மார்போடு அணைக்க வேண்டும். சாயங்காலம் சிறப்பு விருந்தினர் வரும்போது ஏதாவது சொதப்பினால் இதை ஒட்டிக்கொள்ளலாமாம். இதை முதல் இரண்டு பேருக்கும் உட்காரவைத்து விளக்கினார்கள். அவர்களும் நன்றாகவே திகைத்தார்கள்.

வசந்தாவின் பஸ் ஒத்தக்கடைப் பக்கம் பஞ்சராகி நின்றுவிட்டது. அவளும் புருஷனும் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது, உதவியாளர் அவளை அப்படியே கூட்டிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தார். முத்தையா கடைசி வரிசையில் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். விளக்கம் எதுவும் அவர்கள் காதில் விழவில்லை. நான் வணக்கம் சொல்லி வாய் மூடுவதற்குள் மேடையில் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

"சிறந்த மெல்லிசைப் பாடகி, திருவாதவூர் வசந்தா!"

மைக்கில் பெயர் சொன்னால் சொன்னதுதான் என்று பழகியவள் அவள். பெயர் சொல்வதற்குக்கூட ஒத்திகை உண்டு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வெள்ளைத் துண்டு முழுதாக ஏறியது, பெரிய கைதட்டல் விழுந்தது. அவள் உடனே எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து, செருப்பைக் கழற்றி விட்டு, படியைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினாள். கேடயத்தை வாங்கியவள் தேம்பித் தேம்பி அழுதாள். யாரும் சொல்லாமலே அந்தச் செத்த மைக்குக்கு முன்னால் போய் நின்று, சாமி கும்பிடுவது போல இரண்டு வரி பாடினாள். ஒயர் இல்லாத மைக். ஆனாலும் குரல் கடைசி வரிசை வரைக்கும் வந்தது. பாய் மேடைக்கு முதுகைக் காட்டியபடியே கையைத் தூக்கினார்.

பாட்டு நின்றது. துண்டு இறங்கியே இருந்தது. அதனால் அரங்கத்தில் ஒருவர்கூடக் கைதட்டவில்லை. என் முன்னால் முத்தையா எழுந்தார். பக்கவாட்டில் தெரிந்த கன்னத்தில் நீர் வழிய, தனி ஆளாக, பலமாகக் கைதட்டினார். சுற்றிப் பார்க்கவில்லை, வெட்கப்படவில்லை. கேமராக்காரர் கெட்டிக்காரர், சட்டென்று திருப்பி அந்த முகத்தை எடுத்துக்கொண்டார்.

நான் அந்த அரங்கத்தில் அன்று கேட்ட நிஜமான கைதட்டல் அது ஒன்றுதான்.

"கட். நல்லா வந்துச்சு. ரொம்ப நன்றி" என்றார் தயாரிப்பாளர். உதவியாளர் வசந்தாவின் கையிலிருந்து கேடயத்தை வாங்கிக்கொண்டு போனார். அவளுக்குப் புரியவில்லை. கையை நீட்டியபடியே நின்றாள். கேடயத்தின் அடியில் பெயர் பொறித்த தகட்டின்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததை அப்போதுதான் நான் கவனித்தேன். சாயங்காலம் அறிவிக்கப் போகிற பெயர் காலையிலேயே அங்கே இருந்தது என்பது என் சந்தேகம். யார் முடிவு செய்தார்கள், எதற்காக என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பாய் எழுந்து நேராகத் தயாரிப்பாளரிடம் போனார். "சார், ஒத்திகைன்னு அந்தப் புள்ளைகிட்ட யாரும் சொல்லல. நெசம்னு நெனச்சுருச்சு" என்றார்.

"அதனாலதான் பாய் இவ்வளவு நல்லா வந்திருக்கு" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

பாய்தான் மேடைக்குப் போய் அவளிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அழவில்லை. அழுகையெல்லாம் அதற்கு முன்பே ஆகிவிட்டிருந்தது.

சாயங்காலம் விருந்தினர் வந்தார். நகரத்துப் பாடகி ஒருத்தியின் பெயரை அறிவித்தார்கள். அவள் மத்தியானம் திகைத்த மாதிரியே இப்போதும் திகைத்தாள், அதே படியில் அதே மாதிரி நின்று திரும்பினாள். துண்டு ஏறியது, இறங்கியது. வசந்தா சொல்லிக்கொடுத்தபடி சிரித்துக் கைதட்டினாள். என் முன்னால் முத்தையா இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார். மருமகன் கேட்டாரே உசுரு இல்லை என்று, அங்கே எப்படி இருக்கும்? எல்லோரும் எல்லாவற்றையும் மத்தியானமே செய்து முடித்துவிட்டார்கள்.

ஆனால் திரும்பிப் போகிற பஸ்ஸில் முத்தையா அவளிடம், "பரிசு கெடக்கு, நீ பாடு" என்று சொல்லிவிட்டார். அடுத்த கச்சேரியில் இதை அவள் என்னிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு மூன்று மாதம் அப்படிப் பாடினாள். நானும் அந்த விழாவை மறந்தே போனேன்.

பிறகு ஒருநாள் காலையில் கடைக்கு வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. அன்னைக்கு விழாவுல அவுக உங்க முன்னாலதானே உக்காந்துருந்தாக? அந்தப் பொண்ணு பரிசு வாங்குறப்ப அவுக கைதட்டுனாகளா?"

"இல்லையேம்மா. ஏன்?"

முந்தின ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து டிவியில் விழாவைக் காட்டியிருக்கிறார்கள். ஊரே கூடி உட்கார்ந்திருக்கிறது. நகரத்துப் பாடகியின் பெயரை அறிவிக்கிறார்கள், அவள் கேடயத்தை வாங்குகிறாள். அடுத்த காட்சியில் முத்தையா. கண்ணில் நீரோடு எழுந்து நின்று, ஆனந்தமாகக் கைதட்டுகிறார். அதற்கடுத்து வசந்தா தோற்ற முகத்தோடு சிரிக்கிறாள்.

"ஊரே சிரிச்சுருச்சுண்ணே. அவுக அண்ணன் சொல்றாரு, ஏண்டா, பொண்டாட்டி தோத்ததுக்கு எந்திரிச்சு நின்னு ஆனந்தக் கண்ணீர் விட்டது நீ ஒருத்தன்தாண்டான்னு. நான் நிறுத்திருவேங்கிற சந்தோசத்துல தட்டிருக்காக, அப்புறம் என்னைப் பாத்துப் பாவப்பட்டுப் பாடுன்னு சொல்லிருக்காகன்னு நெனச்சேன். வேற எப்படி நெனைக்க?"

"உன் வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?"

"அது நான் உனக்குத் தட்டுனதுன்னாக. மத்தியானம் நீ பாடுனப்பன்னாக. எனக்கு அன்னைக்கு மூஞ்சி பூராம் லைட்டு, கண்ணு பூராம் தண்ணி. யாரோ ஒருத்தர் தட்டுன சத்தம் மட்டும் கேட்டுச்சு. அவுகதான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதை அவுக ஒரு நாளும் சொல்லலையே."

நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். இரண்டு வரி பாடியது, துண்டு ஏறாதது, தனி ஆளாக அவர் எழுந்தது, கேமரா திரும்பியது எல்லாம். பாயும் உள்ளேயிருந்து வந்து, "நான் திரும்பி உக்காந்திருந்தேம்மா, அந்த மூஞ்சி எனக்கு நேரா இருந்துச்சு. உனக்குத்தான் தட்டுனாரு" என்றார்.

அவள் அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க சொன்னதும் நம்பிட்டேண்ணே. அவுக சத்தியம் பண்ணிச் சொன்னாக, நம்பல. டிவி பொய் சொல்லுமான்னு கேட்டுட்டேன். அதுலருந்து அவுக வீட்டுல சாப்பிடல."

அன்றே ஊருக்குப் போய் அவர் காலில் விழுந்தாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஊர் என்ன பேசினாலும் முத்தையா அவளைப் பாடவிட்டார். அதற்குப் பிறகு அவளுடைய எல்லாக் கச்சேரிக்கும் அவரே கூட்டி வந்தார். மேடை ஓரம் என் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வந்து நிற்பார். எங்களுக்குள் நல்ல பழக்கமாகிவிட்டது. பல வருஷம் கழித்து ஒரு திருவிழாவில், வசந்தா உயிரைக் கொடுத்துப் பாடிய ஒரு பாட்டு முடிந்ததும் நான் ஆசையாகக் கேட்டேன்.

"மாப்ள, நீங்களும் ஒரு தட்டுத் தட்டலாம்ல? அங்கருந்து தங்கச்சி பாக்குது பாருங்க."

அவர் மேடையைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"வேணாம் மச்சான். யாருக்குத் தட்டுனேன்னு அப்புறம் கேப்பா."

கூட்டம் தட்டிக்கொண்டே இருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.